பூச்சி அகப்படாத நாட்கள்: 4,348

அயல்பூச்சிக் கண்காணிப்பு அலுவலகத்தின் வாசலில் ஒரு தகரப் பலகை உண்டு. மேலே 'அயல்பூச்சி அகப்படாத நாட்கள்' என்று எழுதியிருக்கும். கீழே நான்கு கொக்கிகளில் நான்கு எண் தகடுகள் தொங்கும். தினமும் காலை எட்டரை மணிக்கு மர ஏணியில் ஏறி, முந்தின நாள் எண்ணோடு ஒன்றைக் கூட்டி மாட்டுவது பொறிக்காரரின் வேலை. இந்தக் கதை தொடங்கும் காலையில் அவர் மாட்டிய எண் 4,348. அந்த அலுவலகத்தில் நடக்கும் வேலைகளில் வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது இது ஒன்றுதான்.

மற்ற நேரத்தில் அவர் பூச்சிப்பொறிகளைப் பார்வையிட வேண்டும். மொத்தம் அறுபத்து நான்கு பொறிகள். கறுப்புப் புனல்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து, அடியில் ஒரு குவளையை வைத்தால் அதுதான் பொறி. கடல் கடந்து வரும் சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்களில் ஒளிந்து வந்து, நம் காட்டு மரங்களைத் துளைத்துக் கொல்லும் வண்டு இருக்கிறதே, அது பறந்து வந்து புனலில் மோதி, வழுக்கிக் குவளைக்குள் விழ வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முதலில் அறுபத்து மூன்று பொறிகள் காட்டுக்குள்தான் தொங்கின. ஒரு முறை ஆய்வுக்கு வந்த மேலதிகாரியின் காலணியில் சேறு பட்டுவிட்டது. அடுத்த வாரமே அவை எல்லாம் அலுவலக வேலியோரத்துக்கு வந்து சேர்ந்தன. காரில் இருந்தபடியே எண்ணிவிடலாம். ஒன்றாம் எண் பொறி மட்டும் ஆரம்பம் முதலே விருந்தினர் பார்வைக்காக இயக்குநரின் அறையில் தொங்கியது. வண்டை ஈர்ப்பதற்கென்று பொறியோடு வந்த மணப்பைகளை இயக்குநர் தம்முடைய அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"வாசனை காட்டி நாமளே கூப்பிட்டா, அப்புறம் வந்துடுச்சுன்னு நாமளே அழறதா? கூப்பிடாம வந்தாத்தான்யா அது அத்துமீறல்" என்று அவர் விளக்கினார். இப்படியொரு விளக்கத்தை மறுத்துப் பேசப் பொறிக்காரர் படித்தவர் இல்லை.

அன்று உணவறையில் விழிப்புணர்வு வாரக் கூட்டம் நடந்ததால், பொறிக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்ததும் மேலிருந்து மாவு போல ஏதோ சாப்பாட்டில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தார். மரப்பட்டையில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. மரத்தில் காதை வைத்தார். உள்ளே யாரோ நிதானமாக முறுக்கு கடிப்பது போலச் சத்தம் கேட்டது. அதற்குள் டப்பா மூடியின் மேல் ஒரு வண்டு நடந்துகொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள், உடம்பைவிட நீளமான கொம்புகள். கையேட்டில் இருக்கும் படத்தில் இருந்து எழுந்து வந்தது போல இருந்தது.

வண்டைச் சோற்றோடு வைத்து மூடினார். சாயங்காலம் வரை மரம் மரமாகக் காது வைத்துக் கேட்டு, சத்தம் வந்த மரங்களில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். பதினொரு மரங்கள்.

கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தை அந்த அலுவலகத்தில் படித்தவர் அவர் ஒருவர்தான். அது வெளியீட்டு விழாவுக்காக அச்சிட்ட கையேடு, விழா முடிந்ததும் யாரும் அதைத் திறக்கவில்லை. அதில் தெளிவாக இருந்தது. முதல் வண்டு வெளியே வந்தபின், மரத்துக்குள் மிச்சம் இருக்கும் புழுக்கள் வண்டாகிப் பறக்க நாற்பது நாள் ஆகும். அதற்குள் அந்த மரங்களை வெட்டி எரித்துவிட்டால் காடு தப்பிக்கும். பறந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வண்டு பொறியில் அகப்பட்டதாக ஏழாம் எண் படிவம் பதிவானால், அந்தப் பொறியைச் சுற்றி ஐம்பது அடிக்குள் இருக்கும் மரமும் மரத்தாலான பொருளும் அன்றே எரிக்கப்பட வேண்டும். யார் அனுமதியும் தேவையில்லை. படிவம் இல்லாமல் ஒரு கிளையை ஒடித்தால்கூட வேலை போய்விடும்.

மறுநாள் காலை டப்பாவோடு கண்காணிப்பாளர் மேடத்தின் முன் நின்றார். மேடம் கெட்டவர் இல்லை. படிவத்தில் இடம் இருந்தால் எதையும் எழுதிக்கொள்வார். இடம் இல்லாததை அவரால் நம்ப முடியாது, அவ்வளவுதான்.

"எந்தப் பொறியில விழுந்துச்சு?"

"பொறியில இல்ல மேடம். என் சாப்பாட்டு டப்பாவுல."

"டப்பாவுக்கு நம்பர் இருக்கா?"

"டப்பாவுக்கு ஏது மேடம் நம்பர்?"

"இங்க பாருங்க. ஒண்ணுலேருந்து அறுபத்து நாலு வரைக்கும்தான் கட்டம் போட்டிருக்கு. நான் எங்கன்னு எழுதுவேன்?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ஒரு பொறியக் கொண்டுபோய் அந்த மரத்துல மாட்டட்டுமா?"

"உத்தரவு இல்லாம இடம் மாறிட்டா அது பொறியே இல்ல, பொறிக்காரரே. வெறும் புனல்."

கடைசியில் மேடம் மனமிரங்கி, வண்டை ஒரு குறிப்போடு இயக்குநருக்கு அனுப்புவதாகச் சொன்னார். இணைப்பு மூன்று என்று எழுதி, கோப்பில் வைத்து, எந்த இணைப்புக்கும் செய்வது போலத் துளைக்கும் கருவியால் அழுத்தி இரண்டு துளை போட்டு, நாடா கோத்துக் கட்டினார். பொறிக்காரர் "ஐயோ" என்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்தக் கோப்பு இயக்குநரிடம் போய்த் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. 'இணைப்பு மூன்று சிதைந்துள்ளது. அடையாளம் காண இயலவில்லை. நல்ல நிலையில் உள்ளதை அனுப்பவும்' என்று ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தது.

நாற்பதில் பத்து போய்விட்டது. பொறிக்காரர் நேராக இயக்குநர் அறைக்கே போனார்.

இயக்குநர் ஆற அமரக் கேட்டார். பிறகு, "பூச்சி இருந்தா பொறியில விழும். பொறியில விழல. அப்ப என்ன அர்த்தம்?" என்றார்.

"பொறி வேலியில இருக்கு சார். பூச்சி காட்டுக்குள்ள இருக்கு."

"அது பூச்சி செஞ்ச தப்பு. அதுக்கு நாம பொறுப்பில்ல." கொஞ்சம் யோசித்தார். "இன்னும் ஒரு மாசத்துல பன்னெண்டு வருஷ நிறைவு விழா வருது. நாலாயிரத்து முந்நூத்து எண்பத்து மூணாவது நாள். இந்த நேரத்துல பூச்சி வந்துடுச்சுன்னா எவ்வளவு பேர் மனசு புண்படும்னு யோசிச்சீங்களா? சரி, வேணும்னா ஒரு வல்லுநர் குழு போடறேன்."

குழுவில் மூன்று பேர். வேனில் வந்தார்கள், மரத்தடி வரைக்கும் நடந்தே வந்தார்கள். அதற்காகவாவது அவர்களைப் பாராட்ட வேண்டும். பொறிக்காரர் உற்சாகமாக, வண்டு வெளியே வந்த துளையைக் காட்டினார்.

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அப்போ அந்த வண்டு இந்தத் துளையிலேருந்துதான் வந்துச்சு. அப்படித்தானே?"

"ஆமாங்க!"

"இந்த மரத்துக்குள்ள பொறந்து, இந்த மரத்தையே தின்னு வளர்ந்து, இங்கேயே வெளிய வந்திருக்கு."

"ஆமாங்க, ஆமாங்க."

"அப்ப அது இந்த மண்ணுலயே பொறந்தது. எப்படி அயல்பூச்சி ஆகும்?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அதன் தாய் வேண்டுமானால் அயலாக இருந்திருக்கலாம், ஆனால் தாய் நேரில் வரவில்லை என்று இரண்டாமவர் சுட்டிக்காட்டினார். பதினான்கு பக்க அறிக்கை தயாரானது. மரமும் உள்ளூர், பூச்சியும் உள்ளூர். இருவருக்கும் இடையே நடப்பது உள்விவகாரம், இதில் அலுவலகம் தலையிடுவது முறையாகாது என்று அது முடிந்தது. அறிக்கை கைக்கு வந்த அன்று வாசல் பலகையில் 4,371. இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது.

அன்று வீட்டில் பொறிக்காரர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் காட்டைச் சுற்றி வருகிறார். அலுவலகத்தில் அவரை மதித்துக் கேட்க ஆள் இல்லாத நாட்களில் அங்கே போய்த்தான் உட்கார்ந்திருக்கிறார். அது கண்ணெதிரே சாகப்போகிறது, தன்னிடம் இருப்பதோ ஒரு சுண்ணக்கட்டி என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் மனைவி பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்ப்பவள். ஊரில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் மேடை போடுகிறவள் அவள்தான். கணவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னங்க நீங்க! காட்டக் காப்பாத்தணும், மரத்த வெட்டுங்கன்னா எவன் வெட்டுவான்? உங்க பன்னெண்டு வருஷ விழா எங்க நடக்குது?"

"ஆபீஸ் முற்றத்துல."

"அங்க நூறு நாற்காலிகூடப் போட முடியாதே. இயற்கையோட மடியில விழா நடத்துங்க சார்னு சொல்லிப் பாருங்க. அந்தப் பதினோரு மரம் இருக்கிற எடத்தைக் காட்டுங்க. மேடைக்கு மறைக்குதுன்னா மரத்தப் பத்தி ஒருத்தன் மூச்சு விடமாட்டான். நான் எத்தனை மேடை போட்டிருக்கேன்!"

மறுநாள் பொறிக்காரர் சொன்னதும் இயக்குநர் எழுந்து நின்றே விட்டார். இப்படி ஒரு சிந்தனை இவருக்குள் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று மேடத்திடம் வியந்தார். உடனே காகிதத்தில் படம் வரைந்தார்கள். நான்கு மரங்கள் மேடைக்கு இடைஞ்சல். மூன்று, சிறப்பு விருந்தினரின் கார் நிற்கும் இடம். இரண்டு, ஒலிபெருக்கிக்கு. மிச்சம் இரண்டும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் புகைப்படத்தில் இயக்குநரைவிட உயரமாகத் தெரியும் என்று பொறிக்காரர் பணிவோடு சொன்னார். அவற்றுக்கும் கோடு விழுந்தது.

இருபத்தைந்து நாளாகக் கிடைக்காத அனுமதி காலை பதினொரு மணிக்குக் கையெழுத்தாகி, மதியம் இரண்டு மணிக்கு இயந்திர ரம்பங்கள் வந்துவிட்டன. முதல் இரண்டு நாள் வாசல் பலகைக்கு வண்ணம் பூசும் வேலை பொறிக்காரருக்கு. மூன்றாம் நாளில் இருந்து தனி ஆளாகக் குழி தோண்டி, கிளை, பட்டை, தூள் என்று ஒன்று விடாமல் எரித்தார். முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

விழா ஜாம் ஜாம் என்று நடந்தது. வாசலில் 4,383, புது வண்ணத்தில். பன்னிரண்டு வனக் கோட்டங்களில் இருந்தும் அதிகாரிகள் ஜீப்பில் வந்திருந்தார்கள். பொறிக்காரரின் மனைவி பின்வரிசையில் தன் கடை நாற்காலிகளுக்குக் காவலாக நின்றாள்.

"பன்னெண்டு வருஷமா நாங்க ஒரு பூச்சியக்கூடப் பிடிக்கல" என்று இயக்குநர் ஒலிவாங்கியில் முழங்கினார். "பிடிக்கிறது சுலபங்க. யார் வேணா பிடிச்சிடலாம். பிடிக்காம இருக்கறதுக்குத்தான் கட்டுப்பாடு வேணும், குழு மனப்பான்மை வேணும். நடுவுல சில சோதனைகள் வந்துச்சு. சாப்பாட்டு டப்பாவுல வந்துச்சு. நாங்க அசரல!"

கைதட்டல் ஓய்ந்ததும், பன்னிரண்டு கோட்டங்களுக்கும் கேடயம் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். உள்ளே இருந்து கேடயத் தட்டைத் தூக்கி வரும் பொறுப்பு பொறிக்காரருக்கு. அவர் தட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

நெஞ்சில் தட்டு அதிர்ந்தது. முறுக்கு கடிக்கும் சத்தம்.

"இந்தக் கேடயத்துக்கு ஒரு சிறப்பு இருக்கு" என்று ஒலிபெருக்கி சொன்னது. "நாம இப்ப உக்காந்திருக்கிற எடத்துல நின்ன மரத்துலயே செஞ்சது. அழகுக்காகப் பட்டையக்கூட உரிக்கல. ஒவ்வொரு கோட்டமும் இதைக் கொண்டுபோய்க் காட்டுக்கு நடுவுல இருக்கிற பெரிய மரத்துல மாட்டணும்னு உத்தரவு போட்டிருக்கேன்!"

அவர் பலகைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த நேரத்தில், பருத்த அடிமரம் ஒன்று தச்சரிடம் போயிருக்கிறது. ஒரு காட்டைக் காப்பாற்றப் போய்ப் பன்னிரண்டு காடுகளுக்கு வண்டை விருது கொடுத்து அனுப்பப் போகிறோம் என்று நினைத்ததும் பொறிக்காரர் தட்டோடு ஓடினார். மேடையேறி, "சார், இதுக்குள்ள புழு இருக்கு" என்றார். யாரோ ஒலிவாங்கியை நகர்த்திக்கொண்டு போனார்கள். கேடயங்கள் கைமாறின, படமெடுத்தார்கள்.

அதிகாரிகள் ஜீப்பில் ஏறப் போகும்போது, பொறிக்காரர் வாசலில் ஒரு குறிப்பேட்டோடு நின்றார். புழு என்று சொன்னால் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்பது இந்த முப்பத்தைந்து நாளில் அவருக்குப் புரிந்திருந்தது.

"சார், ஒரு நிமிஷம். உங்க கேடயத்துல வரிசை எண் இல்லையே?"

முதல் ஜீப்பில் இருந்த அதிகாரி கேடயத்தைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "ஆமா, இல்லையே!"

"நம்பர் இல்லாத பொருளை எந்தப் பதிவேட்டுல ஏத்துவீங்க? நாளைக்கு ஆய்வுல கேட்டா?"

"ஐயையோ, எனக்கெதுக்குங்க வம்பு! இந்தாங்க, நீங்களே வச்சுக்கோங்க. நம்பர் போட்டு அனுப்புங்க, போதும்."

கால் மணி நேரத்தில் பன்னிரண்டும் திரும்பி வந்துவிட்டன. கொடுத்துவிட்டோம் என்று கையெழுத்துப் போட அதிகாரிகள் வரிசையில் நின்றார்கள். மனைவியின் நாற்காலி வேனில் ஏற்றிக்கொண்டுபோய் அன்றே குழியில் போட்டு எரித்தார்கள்.

ஆனால் பதின்மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது இயக்குநர் தமக்கென்று செய்துகொண்டது, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஏறிவிட்டது. பொறிக்காரர் அதற்கும் அதே கேள்வியோடு போனார். இயக்குநர் சிரித்தார். "பின்னாடி பாருங்க. நம்பர் ஒண்ணு. நானே போடச் சொன்னேன்."

அதற்குமேல் பொறிக்காரருக்கு வேறு வழி தெரியவில்லை. காலையில் பலகை எண்ணை மாட்டியதும் இயக்குநர் அறைக்குப் போய், காட்டைப் பார்த்த சன்னலை இழுத்துச் சாத்துவார். "காத்து வரட்டும்யா" என்று இயக்குநர் திறப்பார். ஏதாவது கோப்பை நீட்டுகிற சாக்கில் பொறிக்காரர் மறுபடி சாத்துவார். இயக்குநரின் தலையில் மாவு போல உதிர்ந்தது. பொடுகு என்று நினைத்து எண்ணெயை மாற்றினார்.

பலகையில் 4,389 ஏறிய காலை, இயக்குநர் அறையில் இருந்து ஒரு அலறல் கேட்டது.

பொறிக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தார். சுவரில் இருந்த கேடயத்தில் வட்டமாக ஒரு துளை. அறை மூலையில், பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிய அலமாரிக்குள் கிடக்கும் மணப்பைகளின் வாசனைக்குப் பக்கத்தில், விருந்தினர் பார்வைக்காக ஒரு பொறி தொங்கியது. அதன் குவளைக்குள் கறுப்பாக, வெள்ளைப் புள்ளியோடு, முழுசாக ஒன்று தத்தளித்துக்கொண்டிருந்தது.

"தூக்கி வெளிய எறிய்யா! சன்னல் வழியாப் போடு!"

பொறிக்காரர் சன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். வண்டுக்கு அன்று காட்டுக்குப் போகும் வழி அடைபட்டது. அதற்குள் கண்காணிப்பாளர் மேடம் வாசலில் வந்து நின்றார். கையில் ஏழாம் எண் படிவம்.

"எந்தப் பொறியில விழுந்துச்சு?"

"ஒண்ணாம் நம்பர் மேடம்."

"இடம் மாறியிருக்கா?"

"மாறல மேடம். பன்னெண்டு வருஷமா இதே எடந்தான். சார் கையாலயே மாட்டினது."

மேடம் குனிந்து முதல் கட்டத்தில் எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் வந்த நிறைவைப் பொறிக்காரர் அதற்குமுன் பார்த்ததில்லை. அவருக்கும்தான் பாவம், பன்னிரண்டு வருஷமாக ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை.

"பொறியச் சுத்தி ஐம்பது அடி" என்றார் மேடம், கையேட்டைப் புரட்டி. "மரமும் மரத்தாலான பொருளும். இன்னிக்கே."

"இது என் அறைம்மா!" என்றார் இயக்குநர். "ஒரு குழு போட்டு..."

"யார் அனுமதியும் தேவையில்லன்னு இருக்கு சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டு வெளியிட்டிருக்கீங்க."

முதலில் கேடயம் போனது. பிறகு மேசை, நாற்காலி, கதவு, அலமாரி. பன்னிரண்டு வருஷப் பதிவேடுகளையும் ஆட்கள் அள்ளியபோது, "அது காகிதம்யா!" என்று இயக்குநர் குறுக்கே நின்றார். காகிதம் எதில் இருந்து வருகிறது என்று மேடம் மரியாதையாகக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் காலி அறையின் நடுவே இயக்குநர் மட்டும் நின்றார். அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று படிவத்தில் இல்லை. அதனால் விட்டுவிட்டார்கள்.

பொறிக்காரர் காட்டுக்குள் போய், மேடைக்கு அப்பால் நின்ற மரங்களில் ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அவருக்குக் கண் கலங்கியது.

திரும்பி வந்து, வாசலில் ஏணியைச் சாத்தி ஏறினார். நான்கு தகடுகளையும் கழற்றிவிட்டு, 0 என்ற ஒரு தகட்டை மட்டும் மாட்டினார். இறங்கி, இயக்குநர் அறையில் இருந்து ஏணி வரைக்கும் அடி அடியாக அளந்தார். நாற்பத்தெட்டு.

ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தீயை நோக்கி நடந்தார்.